பாதியில நிறுத்தக் கூடாது

ஐயையோ, நிறுத்தாதீங்க தம்பி! நிறுத்தாதீங்க, நிறுத்தா... நிறுத்திட்டீங்களே.

இப்ப நான் நிக்கிறதா உக்காருறதா? நீங்களே சொல்லுங்க. போன்ல கிரிக்கெட்டு பாக்குறீங்க, பாருங்க, நான் வேணாங்கலை. ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வரிசையா நின்னு தேசிய கீதம் பாடுறாங்க. நான் எந்திரிச்சேன். மேல இருக்குற பஸ் கம்பி மண்டையில இடிச்சுது, அது என் பாடு. நீங்க என்னடான்னா, பெரியவருக்கு அடிபட்டுடுச்சேன்னு பதறிப்போயி போனை அமுக்கிட்டீங்க. நல்ல மனசுதான். ஆனா பாட்டு பாதியில தொங்குதே தம்பி? பாதியில நிறுத்தக் கூடாது. ஆரம்பிச்சா முடிச்சாகணும். கொஞ்சம் இருங்க, மிச்சத்தை மனசுக்குள்ள ஓட்டிட்டு உக்காந்துக்கிறேன்.

ம். முடிஞ்சுது. டிஸ்பர்ஸ்!

உங்களைச் சொல்லலை, நீங்க உக்காருங்க. அது வாய்ப் பழக்கம். நான் பி.டி. மாஸ்டர். பேரு மாசிலாமணி. துறையூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆயிட்டேன். 'அட்டென்ஷன்'னா வெறப்பா நிக்கணும், 'ஸ்டாண்டடீஸ்'னா காலை அகட்டி உடம்பைத் தளத்திக்கலாம். காலையில பாட்டு முடிஞ்சதும் 'டிஸ்பர்ஸ்'னு நான் குரல் குடுத்தாத்தான் பிள்ளைங்க வகுப்புக்குப் போகும். ஹெட்மாஸ்டரே என் வாயைப் பாத்துட்டுத்தான் நிப்பாரு. ஒரு நாள் சொல்ல மறந்துட்டு டீக்கடைக்குப் போயிட்டேன். டீ குடிச்சு, பேப்பர் படிச்சு, திரும்பி வந்து பாக்குறேன், மொத்தப் பள்ளிக்கூடமும் வெயில்ல அப்படியே நிக்குது. தலைமை ஆசிரியர் உள்பட. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு தம்பி. அவரு என்னைத் திட்டினாரு, அது வேற விஷயம்.

மடியில என்னன்னு பாக்குறீங்களா? மைக்கு. துண்டுல சுத்தி வெச்சிருக்கேன். ஆம்ப்ளிஃபயர் சீட்டுக்கு அடியில இருக்கு, காலைப் பாத்து வைங்க. குழாய் ஸ்பீக்கரும் இருக்குது, அதை வீட்டுக்கே திருப்பி அனுப்பிட்டேன், கண்டக்டர் ஏத்த மாட்டேன்னுட்டாரு. நாமக்கல்ல என் பொண்ணு இருக்கா. அவ வீட்டுக்காரனோட சாமான் இது. குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவேன். வேற ஒண்ணும் கிடையாது. குடியரசு தினத்துலேர்ந்து எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை. இப்ப புரட்டாசி வந்துடுச்சு. அவ பேசினா நான் பேசுவேன். பேசலைன்னா மைக்கை வாசப்படியில வெச்சுட்டு வந்துக்கிட்டே இருப்பேன். கதவைத் திறப்பாளா மாட்டாளான்னே தெரியலை. திறக்கலைன்னா தட்ட மாட்டேன். ஒரு தடவை தட்டுவேன். சரி, ரெண்டு தடவை.

ஒரே பொண்ணு தம்பி. அவ பொறந்த அன்னிக்கு சுதந்திர தினம். ஆஸ்பத்திரிலேர்ந்து ஆள் மேல ஆள் வருது, நான் எப்படிப் போவேன்? கொடி ஏத்தணும், மார்ச் பாஸ்ட் இருக்கு, பாட்டு இருக்கு. எல்லாம் முறையா முடிச்சு, டிஸ்பர்ஸ் சொல்லிட்டுப் போனேன். குழந்தை பொறந்து தூங்கிட்டு இருக்கு. கொடி வந்தனம் பண்ணிட்டு வந்தேன், அதனால வந்தனான்னு பேரு வெச்சேன். என் சம்சாரம் மரகதம் ஒரு வார்த்தை பேசலை. சந்தோஷத்துல வாயடைச்சுப் போயிட்டா.

எங்க தெருவுலயே அப்பாகிட்ட அடி வாங்காம வளந்த ஒரே பிள்ளை வந்தனாதான். நான் அடிக்க மாட்டேன்னு நினைக்காதீங்க. கையை ஓங்குவேன். ஓங்கினதும் அவ தேசிய கீதத்தைப் பாட ஆரம்பிச்சுடுவா. நான் கையை இறக்கி அட்டென்ஷன்ல நின்னுடுவேன். அவளும் நிப்பா. பாட்டு முடியறதுக்குள்ள எனக்கு எதுக்குக் கோவப்பட்டேன்னே மறந்துடும். 'இவ உங்களை ஏய்க்குறாங்க'ன்னு மரகதம் சொல்லுவா. ஏய்க்குறதாவது? எட்டு வயசுப் பிள்ளைக்கு நாட்டுப்பற்று பொங்கிட்டு வருது, அதைப் போய் ஏய்க்குறதுங்குறா. சுருதி இம்மி பிசகாம பாடுவா தம்பி. கதவு இடுக்குல நின்னு, நெஞ்சை நிமித்திக்கிட்டு, கண்ணை உருட்டிக்கிட்டு!

பொண்ணு படிச்சு முடிச்சதும் வரன் பாத்தோம். குளித்தலைலேர்ந்து ஒரு நல்ல எடம். மாப்பிள்ளை கூட்டுறவு சங்கத்துல வேலை. பொண்ணு பாக்க வந்தாங்க, வேன் நிறைய. மரகதம் கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் குடுத்து உபசரிக்கிறா. வந்தனா வந்து நமஸ்காரம் பண்ணி உக்காந்தா. எல்லாம் முறையாத்தான் போச்சு. மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தி, வாய் நிறைய பஜ்ஜியை வெச்சுக்கிட்டு, 'பொண்ணு பாடுமா?'ன்னு கேட்டுச்சு.

கேக்குறது வழக்கம்தானே? நானும், 'ஏதாவது பாடும்மா'ன்னேன்.

என் பொண்ணு எந்திரிச்சு நின்னா. கையை ரெண்டு பக்கமும் ஒட்ட வெச்சா. பாடினா பாருங்க தேசிய கீதத்தை!

நான் எந்திரிச்சுட்டேன். என்னைப் பாத்து மாப்பிள்ளை எந்திரிச்சாரு, தட்டு மடியிலேர்ந்து உருண்டு போச்சு. குனிஞ்சு எடுக்கப் போனாரு, ஒரு பார்வை பாத்தேன், அப்படியே நிமிந்துட்டாரு. மரகதம் காபித் தட்டோட நிக்கிறா, டம்ளர் எல்லாம் கிடுகிடுங்குது. அந்த அத்தைக்கு வாய்ல பஜ்ஜி. மெல்லலாமா கூடாதான்னு என்னைப் பாக்குது. நான் கண்ணாலயே கூடாதுன்னேன். பாவம், மிளகாய் பஜ்ஜி போல, கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது, அசையலை. மாப்பிள்ளையோட அப்பாவுக்கு முட்டி வலி. நாற்காலியைப் பிடிச்சு, சுவத்தைப் பிடிச்சு, அவரு நேரா நிமிந்து நின்னதும் பாட்டு முடிஞ்சுது. சரியாப் போச்சு.

அதுக்கப்புறம் என்ன நடக்கும்? நம்ம ஊருல தேசிய கீதம் பாடினா என்ன அர்த்தம்? விழா முடிஞ்சுதுன்னு அர்த்தம்! எத்தனை கூட்டம், எத்தனை ஆண்டு விழா பாத்திருக்காங்க. பாட்டு முடிஞ்சதும் அத்தனை பேரும் திரும்பி வரிசையா வாசலுக்குப் போயிட்டாங்க. செருப்பை மாட்டிட்டாங்க. வேன்ல ஏறிட்டாங்க. நான் வேற பழக்கதோஷத்துல முன்னாடியே போய் கேட்டைத் திறந்து விட்டுட்டு, 'மெதுவா, மெதுவா, தள்ளாம போங்க'ன்னு சொல்லிட்டு நிக்கிறேன். வேன் தெரு திரும்பினதுக்கு அப்புறம்தான் மரகதம் தலையில அடிச்சுக்கிட்டா. உள்ள வந்தனா தனியா உக்காந்து கேசரி சாப்பிட்டுட்டு இருந்தா. பாவம், அதிர்ச்சியில பசி எடுத்துருக்கும்.

சாயங்காலம் மாப்பிள்ளையோட அப்பா போன் பண்ணினாரு. 'சார், நாங்க ஏன் கிளம்பினோம்னே தெரியலை. காவேரிப் பாலத்துல வரும்போதுதான் ஞாபகம் வந்துச்சு, பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசலையே, தாம்பூலம் வாங்கலையேன்னு. ஞாயித்துக்கிழமை திரும்ப வரட்டுமா?'

எப்படி வர முடியும்? தேசிய கீதத்துக்கு அப்புறம் நிகழ்ச்சி கிடையாது. 'வர்றதுன்னா மறுபடி இறைவணக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கணும் சார்'னேன். அவரு போனை வெச்சுட்டாரு. 'சட்டத்துல எங்கங்க அப்படி எழுதியிருக்கு?'ன்னு மரகதம் கத்துறா. சட்டத்துல இல்லைன்னா என்ன? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?

அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுலதான் வந்தனா வாயைத் திறந்தா. 'அப்பா, எனக்கு பரணியைப் பிடிச்சிருக்கு'ன்னா.

பரணி யாரு தெரியுமா? மைக் செட்டுக்காரன். பரணிதரன். எங்க பள்ளிக்கூட விழாவுக்கெல்லாம் அவன்தான் மைக் செட் போடுவான். நல்ல குடும்பம், குடி கிடையாது, சிகரெட் கிடையாது, எனக்கு அதெல்லாம் பிரச்சினையே இல்லை. ஜாதியா? அதை நான் கேக்கவே இல்லையே. என் பிரச்சினை வேற. அவன் மைக் டெஸ்ட் பண்ணின லட்சணம்! ஊர்ல எல்லாரும் 'ஹலோ ஹலோ, ஒன் டூ த்ரீ'ன்னு டெஸ்ட் பண்ணுவாங்க. இவன் ஒரு நாள் தேசிய கீதத்தைப் போட்டு டெஸ்ட் பண்றான் தம்பி! நான் அப்ப சலூன்ல உக்காந்திருக்கேன், முகம் முழுக்க சோப்பு. எந்திரிச்சேன். சலூன்காரரையும் கத்தியைக் கீழ வைக்கச் சொன்னேன். அந்தப் பய என்ன பண்றான், பாதியில நிறுத்துறான். 'சத்தம் கம்மியா இருக்கு'ன்னு மறுபடி முதல்லேர்ந்து போடுறான். மறுபடி நிறுத்துறான். என் மூஞ்சியில சோப்பு காஞ்சு வெடிச்சுப் போச்சு. பாதியில நிறுத்துறவனை நம்பி எப்படிப் பொண்ணைக் குடுக்குறது? நாளைக்கு வாழ்க்கையையும் பாதியில நிறுத்திட்டான்னா?

'முடியாது'ன்னேன். அவ பாட வாயைத் திறந்தா. நான் சோத்துத் தட்டோட எந்திரிச்சுட்டேன். ஆனா அவ பாடலை. என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, 'உக்காந்து சாப்பிடுங்கப்பா'ன்னு போயிட்டா. அதுலேர்ந்து வீட்டுல பாட்டே இல்லை.

அப்புறம் குடியரசு தினம். எங்க தெரு முனையில ஆட்டோ ஸ்டாண்டு. ரிட்டயர் ஆனதுலேர்ந்து அங்க வருஷா வருஷம் கொடி ஏத்துறது நான்தான். மைக் செட்டு, வேற யாரு, பரணி. நான் அவன்கிட்ட ஒரே வார்த்தைதான் பேசினேன். 'முழுப் பாட்டையும் போடணும், பாதியில நின்னுச்சு, தொலைச்சுடுவேன்'னேன். 'நிக்காது சார்'னான். என் மூஞ்சியைப் பாக்காம ஒயரையே திருகிட்டு இருந்தான். பயம் இருக்கட்டும்னு நினைச்சேன்.

கயித்தை இழுத்தேன், கொடி பறந்துச்சு, பூ கொட்டுச்சு. அப்பதான் பாக்குறேன், எங்க வீட்டுலேர்ந்து வந்தனா வர்றா. பட்டுப்புடவை, தலை நிறைய பூ, கையில பெட்டி. அப்பா கொடி ஏத்துறதைப் பாக்கப் பட்டுப்புடவை கட்டிட்டு வருதே என் பொண்ணுன்னு எனக்கு நெஞ்சு விரிஞ்சு போச்சு. பெட்டி எதுக்குன்னு தோணலை. வந்து ஒரு ஆட்டோ பக்கத்துல நின்னா. பரணி பாட்டைப் போட்டான். எல்லாரும் அட்டென்ஷன். ஆட்டோவுக்குள்ள சீட்டு மேல ரெண்டு மாலை இருக்கு. கொடிக்கம்பத்துக்கு எதுக்கு ரெண்டு மாலைன்னு யோசிக்கிறேன். யோசிக்கும்போதுதான் தம்பி எனக்கு விளங்குச்சு.

விளங்கினப்ப பாட்டு ரெண்டாவது வரியில இருக்கு. நான் என்ன பண்ண முடியும்?

ஓடிப்போய் பெட்டியைப் பிடுங்கியிருக்கலாம்னு நீங்க சொல்லுவீங்க. எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. பாட்டு ஓடும்போது எப்படி ஓடுறது? ஆனா ஒண்ணு கேளுங்க. அவ போயிருக்கலாம். ஆட்டோ உறுமிட்டு இருக்கு, ஏறி உக்காந்தா போதும், நான் அசைய மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். ஏறலை தம்பி. பெட்டியைக் கீழ வெச்சா, கையை ரெண்டு பக்கமும் ஒட்ட வெச்சா, என்னைப் பாத்து நேரா நின்னா. அந்தப் பயலும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல வெறச்சுப் போய் நிக்கிறான். அவ கண்ணுலேர்ந்து தண்ணி வழியுது. தொடைக்கலை. தொடைச்சா அசைவு ஆயிடும்ல? அப்படி வளத்திருக்கேன். எனக்கும் வழிஞ்சுது, நானும் தொடைக்கலை. தெருவே பாக்குது. கொடியைப் பாத்து அழறாங்கன்னு நினைச்சிருப்பாங்க.

பாட்டு முடிஞ்சுது. முழுசா முடிஞ்சுது, அதுல அவன் மேல குத்தம் சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்தேன். சத்தியமா தம்பி, 'வந்தனா'ன்னு கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். 'இரும்மா, வீட்டுக்கு வா, பேசிக்கலாம்'னு சொல்லத்தான் திறந்தேன்.

வந்தது 'டிஸ்பர்ஸ்!'

கணீர்னு வந்துச்சு, தெரு முழுக்க. முப்பது வருஷத்து வாய். எல்லாரும் கலைஞ்சுட்டாங்க. அவ ஒரு நிமிஷம் என்னையே பாத்தா. அப்புறம் பெட்டியை எடுத்துட்டு ஏறிட்டா. அவனும் மைக்கு, ஆம்ப்ளிஃபயர், குழாய் எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடிப்போய் ஏறினான். ஆட்டோ போயிடுச்சு. திரும்பக் கூப்பிடலாமேன்னா, எப்படிக் கூப்பிடுறது? உத்தரவு குடுத்தது நான்.

சாமானையெல்லாம் நான்தான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். மழையில நனையக் கூடாதுல்ல? வாரத்துக்கு ஒரு தடவை தொடைச்சு வைப்பேன். மைக்கு நல்ல மைக்கு.

போன் பண்ணலையான்னு கேக்குறீங்களா? பண்ணாம என்ன? அங்கதான் தம்பி என் கஷ்டமே. அவ போன்ல காலர் ட்யூன் என்னன்னு நினைக்கிறீங்க? தேசிய கீதம்! நான் நம்பரைப் போட்டதும் பாட்டு ஆரம்பிக்குது. எந்திரிச்சு நிக்கிறேன். இந்த அவசரக்காரி என்ன பண்றா, முதல் வரி முடியறதுக்குள்ள எடுத்துடுறா. பாட்டு பாதியில அறுந்து போகுது. 'அப்பா? அப்பா?'ங்குறா. நான் மிச்சப் பாட்டை மனசுக்குள்ள முடிக்கிற வரைக்கும் எப்படிப் பேசுவேன்? முடிச்சுட்டு 'ஹலோ'ங்குறதுக்குள்ள வெச்சுடுறா. ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான். கொஞ்சம் பொறுத்து எடுத்தா என்ன? அப்பன் கூப்பிடுறான்னதும் அப்படி என்ன பறக்குறது? பேச இஷ்டம் இல்லாதவ, வேற என்ன.

மரகதமும் அவகூடப் பேசுறதில்லை. ரொம்ப ரோஷக்காரி. தினம் சாயங்காலம் வத்தல் காய வைக்கிறேன்னு போனை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவா. மழை பெய்ஞ்சாலும் போவா, குடை பிடிச்சுக்கிட்டு. தனியா அழுதுட்டு வருவா போல. ஆனா சிரிச்ச முகமா இறங்கி வருவா, என் முன்னாடி காட்டிக்கக் கூடாதுன்னு. நேத்து திடீர்னு, 'அந்த மைக்கைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க, எடத்தை அடைக்குது'ன்னா. விலாசம் வேற கரெக்டா சொன்னா, பால்காரர் வீட்டுக்கு எதுத்த சந்து, பச்சைக் கேட்டுன்னு. எப்படித்தான் கண்டுபிடிச்சாளோ.

என்ன தம்பி சிரிக்கிறீங்க? சிரிக்கலையா? சரி.

ஒரு உதவி பண்ணுங்க. நாமக்கல் நெருங்குது. சொல்லாம கொள்ளாம போய் நிக்கிறது முறை இல்லை, ஒரு தகவல் சொல்லிடணும். என் போனை நீங்க பிடிச்சுக்கங்க, எனக்குக் கை ரெண்டும் பக்கத்துல இருக்கணும். ஸ்பீக்கர்ல போடுங்க. மைக்கையும் கொஞ்சம் வாங்கிக்கங்க. கண்டக்டர் சார், நான் நிக்கத்தான் போறேன், சத்தம் போடாதீங்க, சீட்டு இல்லாம நிக்கலை, மரியாதைக்கு நிக்கிறேன். தம்பி, நீங்களும் எந்திரிங்க. மண்டை பத்திரம்.

அழுத்துங்க. போகுதா? ஆரம்பிச்சுடுச்சு. இனிமே பேச மாட்டேன்.

கேட்டீங்கல்ல? கேட்டீங்கல்ல தம்பி? வழக்கம் போல பாதியில எடுத்துட்டா, போச்சுடான்னு நினைச்சேன். ஆனா பாட்டு அறுந்து போகலையே! விட்ட எடத்துலேர்ந்து அவளே பாடினா பாத்தீங்களா? கடைசி வரைக்கும், ஒரு வார்த்தை விடாம? அந்தக் கதவு இடுக்குல நின்னு பாடின அதே குரல் தம்பி. பஸ்ஸே எந்திரிச்சு நின்னுடுச்சே. டிரைவர் ஓரங்கட்டி நிறுத்திட்டாரு பாருங்க.

என்ன? லைன்ல இருக்காளா? என்ன சொல்றா? கிட்ட கொண்டாங்க, இன்னும் கிட்ட.

'பாட்டு முடிஞ்சுதுப்பா, இப்பப் பேசுங்க. டிஸ்பர்ஸ் மட்டும் சொல்லிடாதீங்க'ங்குறா.

சொல்லலை கண்ணு, சொல்லலை. அப்பாதான். பஸ்ஸுல வந்துட்டு இருக்கேன். உங்கம்மா சொல்லிட்டாளா? அவ எப்பச் சொன்னா? சரி, சரி, அவளை அப்புறம் வெச்சுக்கிறேன். மைக்கு கொண்டாறேன். மாப்பிள்ளைகிட்ட சொல்லு, தொடைச்சு வெச்சிருக்கேன். இல்லம்மா, அடுத்த பஸ்ஸுக்கெல்லாம் திரும்பலை. நான் எப்பச் சொன்னேன் அப்படி?

வந்தனா, நின்னுட்டா பாடினே? தெரியும், எனக்குத் தெரியும். இன்னும் நின்னுட்டுத்தான் இருக்கியா?

ஸ்டாண்டடீஸ் கண்ணு. ஸ்டாண்டடீஸ்.